கிரேக்க மெய்யியலில் உயிரின் அழியாமை

பிளேட்டோ எழுதிய 'குடியரசு' என்னும் நூலின் பத்தாம் பகுதியில் ஓர் இடம் உண்டு. அறத்தின் பயனைப் பற்றிப் பேசிக்கொண்டு வரும் சாக்கிரட்டீசு, நம் உயிர் சாவற்றது, ஒருபோதும் அழியாதது என்பதை நீ அறிந்ததில்லையா என்று கிளாக்கோனைக் கேட்கிறார். கிளாக்கோன் அவர் முகத்தை வியப்போடு உற்று நோக்கி, அறியேன் என்கிறான். உம்மால் அப்படிச் சொல்ல இயலுமா என்றும் வினவுகிறான். இக்கிளாக்கோன் பிளேட்டோவின் உடன்பிறந்தவன். ஏதென்சு நகரின் உயர்குடியிற் பிறந்து கல்வியிற் சிறந்தவன். உடல் அழியும், உயிர் அழியாது என்பதைப் பாட்டியின் மடியிலேயே கேட்டு வளரும் நமக்கு அவன் வியப்பு விளங்காது. ஆனால் அவ்வியப்பே இப்பொருளை ஆராய்வார்க்குத் திறவுகோல். உயிரின் அழியாமை கிரேக்க மக்களுக்கு மரபாய் வந்த நம்பிக்கையன்று. சான்று காட்டி நிலைநாட்ட வேண்டியதொரு கூற்று. அதை நிலைநாட்ட முயன்றோரும் மறுக்க முயன்றோரும் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் சொற்போர் நடத்தினர். அப்போரில் இயக்கம் என்றால் என்ன, எண் என்றால் என்ன, உயிருள்ள உடல் உயிரற்ற உடலினின்று எவ்வாறு வேறுபடுகிறது என்னும் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிளைத்தன.

மரபான கருத்து என்ன என்பதை ஓமரின் காப்பியங்கள் காட்டும். அங்கே உயிர் இறப்பிற்குப் பின்னும் இருக்கிறது, ஆனால் வாழ்வதில்லை. கடைசி மூச்சோடு வாய்வழியாகவோ, படைக்கலம் பிளந்த புண்வழியாகவோ வெளியேறி, கீழுலகிற் புகுந்து நிழலாய் அலைகிறது. காப்பியத் தலைவன் ஒடிசியசு அவ்வுலகின் வாயிலில் ஆட்டின் குருதியைக் குழியில் வடிக்கிறான். அதைப் பருகிய பின்னரே அவன் தாயின் நிழல் அவனை அறிந்து பேசுகிறது. மும்முறை அவளைத் தழுவ முயல்கிறான்; மும்முறையும் கைகள் வெறுமையாய் மீள்கின்றன. இறந்தோர்க்கெல்லாம் வேந்தனாய் இருப்பதினும், நிலமற்ற ஏழை ஒருவனிடம் கூலிக்கு உழைத்தேனும் மண்மேல் வாழ்வதே மேல் என்று மாவீரன் அக்கிலீசின் நிழல் புலம்புகிறது. நினைப்பதும் சினப்பதும் துணிவதும் ஓமருக்கு நெஞ்சின் தொழில்கள். உயிர் பெரும்பாலும் சாவை ஒட்டியே அவர் பாட்டில் தலைகாட்டும். சாவின்மையோ கடவுளர்க்கே உரிய தனிச்சிறப்பு. மாந்த உயிரும் சாவற்றது என்று ஒருவர் சொன்னால், அவர் மாந்தரைக் கடவுளரின் வரிசையில் அமர்த்துகிறார் என்றே அக்காலத்தார் கொள்வர்.

அத்துணிவு முதலில் தென் இத்தாலியில் தோன்றியது. சாமோசுத் தீவிற் பிறந்து, கி.மு. 530ஐ ஒட்டிக் குரோட்டோன் நகரிற் குடியேறிய பிதாகரசு, உயிர் ஓர் உடலை விட்டு வேறோர் உடலிற் புகும் என்று கற்பித்தார். அடிபட்டுக் கத்திய நாய்க்குட்டி ஒன்றின் குரலில் இறந்துபோன நண்பனின் குரலைக் கேட்டு, அடிப்பவனை அவர் தடுத்தாராம் என்று செனோபனீசு என்னும் புலவர் நகையாடியிருக்கிறார். இக்கொள்கையை முதலில் மொழிந்தோர் எகிப்தியர் என்பது எரோடோட்டசின் கூற்று. உயிர் எல்லா விலங்குகளிலும் புகுந்து மீண்டும் மாந்த உடலை அடைய மூவாயிரம் ஆண்டு ஆகும் என்றும், கிரேக்கர் சிலர் அதைத் தமதாக்கிக்கொண்டனர், அவர் பெயரை அறிந்தும் எழுதேன் என்றும் அவர் குறிக்கிறார். எகிப்தியர் விட்டுச்சென்ற எழுத்துகளில் இத்தகைய பிறவிச் சுழற்சி இல்லை. இந்தியாவிலிருந்து சென்றதோ என்று நம்மவர் ஆவலோடு கேட்பதுண்டு. ஒப்புமை இருக்கிறது, போக்குவரத்தைக் காட்டும் சான்று இல்லை. ஒப்புமையை மட்டும் வைத்து உறவு கொண்டாடுவது ஆராய்ச்சிக்கு அழகன்று.

கொள்கை கல்லிலும் பொன்னிலும் பதிந்திருப்பதையும் காணலாம். 1969இல் இத்தாலியின் விபோ வலேன்சியா நகரில், பழைய இப்போனியோனில், ஒரு பெண்ணின் கல்லறையில் மடித்து வைத்த மெல்லிய பொன்னேடு ஒன்று கிடைத்தது. கி.மு. 400ஐ ஒட்டிய அவ்வேடு இறந்தவளுக்கு வழி சொல்கிறது: வெண்மையான சைப்பிரசு மரத்தின் அருகிலுள்ள முதல் ஊற்றை அணுகாதே, அப்பாற் சென்று நினைவின் ஏரியினின்று வரும் குளிர்நீரைக் கேள். நினைவு நீங்காத உயிரே நற்கதி பெறும் என்பது அதன் கருத்து. கி.மு. 432இல் பொட்டிடையாப் போரில் மாண்ட ஏதென்சு மறவர்க்கு அரசே நாட்டிய நடுகல், அவர்தம் உயிர்களை வான்வெளி ஏற்றது, உடல்களை மண் ஏற்றது என்கிறது. அக்கல் இன்று இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்போரில் ஏதென்சின் பக்கம் நின்று போரிட்டோருள் சாக்கிரட்டீசும் ஒருவர்.

ஆயினும் ஏடும் நடுகல்லும் அறிவிப்பனவேயன்றி ஆராய்வன அல்ல. முதல் ஆராய்ச்சி குரோட்டோன் நகரத்து அல்க்கமையோனுடையது. புலன்கள் யாவும் மூளையோடு இணைந்தவை என்று கண்டவர் அவர். உடலியலிற் பிளேட்டோவுக்கும் அரிசுடாட்டிலுக்கும் முன்னோடி. அவர் வாதத்தை அரிசுடாட்டில் நமக்குக் காத்துத் தந்திருக்கிறார். ஞாயிறு, திங்கள், விண்மீன்கள், வானம் முழுமையும் ஓயாது இயங்குகின்றன, அவை அழிவதில்லை. உயிரும் ஓயாது இயங்குகிறது. ஆதலால் அதுவும் அழியாது. ஒப்புமையைச் சான்றாக்கும் இவ்வாதம் வலுவற்றதுதான். ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள்: கண்ணாற் காணும் வானியக்கத்தை முன்வைத்து, காணா உயிரைப் பற்றி ஒரு முடிபு சொல்லப்படுகிறது. புலவர் சொன்னார், குரு சொன்னார் என்னும் பேச்சே இல்லை. மாந்தர் தொடக்கத்தை முடிவோடு இணைக்க இயலாமையால் சாகின்றனர் என்பதும் அவர் கூற்று. கோள்கள் வட்டத்தில் ஓடுகின்றன. புறப்பட்ட புள்ளிக்கே மீள்கின்றன. முதுமையினின்று இளமைக்கு மீளும் வழி உடலுக்கு இல்லை. இதனினும் சுருக்கமாய் முதுமையை விளக்கியவர் எவரையும் நான் அறியேன்.

பிளேட்டோ இவ்வாதத்தை எடுத்து, ஒப்புமையைக் களைந்து, 'பைட்ரசு' என்னும் உரையாடலிற் புடம்போட்டார். பிறிதொன்றால் இயக்கப்படுவது அவ்வியக்கம் நின்றால் நின்றுவிடும். தன்னைத் தானே இயக்குவது தன்னைக் கைவிடாது, ஆகவே நிற்காது. உயிரோ தன்னியக்கம் உடையது. இங்கே உயிர் என்பது இயக்கத்தின் ஊற்று என்று வரையறை பெறுகிறது. ஓமரின் நிழலினின்று மிகத் தொலைவு வந்துவிட்டோம்.

'மெனோ'வில் அவர் வேறொரு வழியைத் திறக்கிறார். அதைச் சற்று நின்று பார்ப்பது தகும். கணக்கே கற்றறியாத அடிமைச் சிறுவன் ஒருவனை அழைத்து, சாக்கிரட்டீசு மண்ணில் ஒரு சதுரம் வரைகிறார். பக்கம் இரண்டடி, பரப்பு நான்கு. இதைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? நான்கடி என்கிறான் சிறுவன். வரைந்து எண்ணினால் பரப்பு பதினாறு ஆகிறது. அப்படியானால் மூன்றடி என்கிறான். எண்ணினால் ஒன்பது, வேண்டியதோ எட்டு. திகைத்து, தெரியவில்லை என்று ஒப்புகிறான். பின்னர் சாக்கிரட்டீசு மூலைவிட்டத்தை வரைந்து வினவ, அதன்மேல் எழும் சதுரமே எட்டு என்பதைச் சிறுவன் தானே காண்கிறான். எவரும் கற்பியாதது அவனுக்கு எங்கிருந்து வந்தது? பிறவிக்கு முன்பே உயிர் கற்றிருந்ததை இப்போது நினைவுகூர்ந்தது என்பது சாக்கிரட்டீசின் விடை.

வினாக்களிலேயே விடை ஒளிந்திருந்தது என்று குறைகூறுவோர் உளர். அதில் உண்மையும் உண்டு, மூலைவிட்டத்தை வரைந்தவர் சாக்கிரட்டீசே அல்லரோ? எனினும் பட்டறிவால் வாராத அறிவு ஒன்று உண்டு என்னும் உண்மையை அவர் தொட்டுவிட்டார். கணக்கியல் உண்மை எதன்மேல் நிற்கிறது என்பது இன்றும் அறிஞரிடை முடியாத வழக்கு. ஆனால் அதிலிருந்து பிறவிக்கு முன் உயிர் இருந்தது என்பதே கிடைக்கும். இறப்பிற்குப் பின் இருக்கும் என்பது கிடைக்காது. இக்குறையைப் பிளேட்டோவே அறிந்து, 'பைடோ' உரையாடலில் செபீசு என்பானின் வாயில் வைத்துச் சொல்லுகிறார்.

'பைடோ' கி.மு. 399இல் சாக்கிரட்டீசு நஞ்சுண்டு இறந்த நாளின் உரையாடல். உடல்நலம் குன்றியிருந்தமையால் பிளேட்டோ அன்று சிறையில் இல்லை. அதை நூலிலேயே குறித்திருக்கிறார். அங்கிருந்தோருள் தீபசு நகரத்துச் சிம்மியசும் செபீசும் பிதாகரசு வழியினர்; ஆகவே சாக்கிரட்டீசுக்கு இசைவாகப் பேசுவர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். மாறாக, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாய் அசையாத மறுப்பை எழுப்பியவர் சிம்மியசு. யாழும் நரம்பும் பருப்பொருள்கள். அவற்றினின்று எழும் இசைவோ கண்ணுக்குப் புலப்படாதது, பருமை அற்றது, அழகும் தெய்வத்தன்மையும் வாய்ந்தது. யாழை உடைத்து நரம்பை அறுத்தபின், இசைவு மட்டும் எங்கோ அழியாமல் இருக்கிறது என்போமா? உடலின் வெம்மையும் தட்பமும் ஈரமும் வறட்சியும் அளவோடு கலந்து நிற்கும் இசைவே உயிர் என்றால், உடல் குலையும்போது முதலில் மறைவது அதுவே. செபீசின் மறுப்பும் கூரியது. நெசவாளி ஒருவன் தன் வாழ்நாளில் பல மேலாடைகளை நெய்து உடுத்திக் கிழிக்கிறான். ஆயினும் கடைசி ஆடை அவன் இறந்த பின்னும் கிடக்கிறது. உயிரும் பல உடல்களைத் தேய்த்துக் கடைசி உடலில் தானே தேய்ந்து போகலாம் அல்லவா?

இவற்றைக் கேட்டு அனைவரும் சோர்ந்துபோகின்றனர். சாக்கிரட்டீசோ, நூலுக்குப் பெயர் தந்த மாணவன் பைடோவின் தலைமுடியைக் கையால் அளைந்தபடி, வாதம் தோற்றதற்காக வாதத்தையே வெறுக்கக் கூடாது என்கிறார். கொள்கையை நம்பிச் சாகப்போகிறவர், அக்கொள்கையின் மறுப்பை முழு வலிமையோடு பேசவிட்டுக் கேட்கிறார். வேறெந்தச் சமய நூலிலும் இப்படியொரு காட்சியை நான் படித்ததில்லை. பின்னர் விடையும் தருகிறார். இசைவு நரம்பின் போக்கிலேயே போகும். உயிரோ உடலை எதிர்க்கும், நாவறண்டபோதும் நீரைப் பருகாதே என்று தடுக்கும். இவ்விடை சிம்மியசை அடக்கியது. நம்மை அடக்குமா என்பது வேறு. உடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதியை அடக்குவது உயிரியல் கற்ற மாணவர்க்கும் புதிதன்று.

செபீசுக்காக அவர் வகுத்ததே இறுதி வாதம். பனி வெம்மையை ஏலாது. வெம்மை அணுகினால் விலகும், அன்றி அழியும். மூன்று என்னும் எண் இரட்டைத்தன்மையை ஏலாது. அதுபோல், உயிர் எதனுட் புகுந்தாலும் வாழ்வைக் கொண்டே புகுகிறது, ஆகவே வாழ்வின் எதிரான சாவை அது ஏலாது, சாவை ஏலாதது சாவற்றது, சாவற்றது அழியாதது. கடைசிப் படியைச் செபீசு தடையின்றி ஒப்புகிறான். ஓட்டை அங்கேதான் இருக்கிறது. சிம்மியசு தன் உள்ளத்தில் இன்னும் ஐயம் உண்டு என்கிறான். சாக்கிரட்டீசும், ஆம், முதற்கோள்களை இன்னும் தெளிவாய் ஆராய வேண்டும் என்கிறார். ஞாயிறு சாயுமுன் அவருக்கு இருந்த அவகாசம் அவ்வளவே.

அந்நஞ்சைப் பற்றியும் ஒரு சொல். எம்லாக் என்னும் செடியின் நஞ்சு 1827இல் பிரித்தெடுக்கப்பட்டது; கோனைன் என்பது அதன் பெயர். 1886இல் இலாடன்பர்க்கு என்னும் செருமானிய வேதியியலார் அதைச் செயற்கையாய் ஆக்கினார். ஆய்வகத்தில் முதன்முதல் ஆக்கப்பட்ட காரப்போலி அதுவே. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் அது கட்டளையைத் தடுக்கிறது. கால் மரத்து, உடல் படிப்படியாய் மேல்நோக்கிச் செயலற்று, இறுதியில் மூச்சுத்தசைகள் நின்றுபோகும். அதுவரை அறிவு தெளிவாய் இருக்கும். பிளேட்டோ தீட்டும் காட்சியும் இதுவே. உடல் அடியிலிருந்து இறந்துகொண்டே வர, சாக்கிரட்டீசு மருத்துவக் கடவுளுக்குச் சேவல் கடன்பட்டிருப்பதை நினைவூட்டுகிறார். உடல் வேறு, உயிர் வேறு என்னும் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான சாவு வாய்த்திராது. நஞ்சு தசைக்குப் பதிலாய் மூளையைத் தாக்குவதாய் இருந்து, சாக்கிரட்டீசு பிதற்றிச் செத்திருந்தால், 'பைடோ' எழுதப்பட்டிருக்குமா?

மேற்சொன்ன ஓட்டையைத் தயக்கமின்றிச் சுட்டியவர் இசுட்ராட்டோ. அரிசுடாட்டில் நிறுவிய கல்விக்கழகத்தின் மூன்றாம் தலைவர்; இயற்கையாராய்ச்சியில் ஈடுபாடு மிகுந்தமையால் இயற்பியலார் என்றே அழைக்கப்பட்டவர். தீ தீயாய் இருக்கும்வரை குளிராது. அதனால் தீ அணையாது என்றாகுமா? உயிர் இருக்கும்வரை செத்த உயிராய் இராது என்பதே வாதத்தின் பயன். என்றும் இருக்கும் என்பது அதிலில்லை. மேலும் இவ்வாதம் செல்லுமானால் புல்லுக்கும் பூச்சிக்கும் செல்லும். என் கணிப்பில் பிளேட்டோவின் இறுதி வாதம் இங்கேயே முடிந்துவிட்டது.

அரிசுடாட்டில் வழக்கையே வேறு மன்றுக்கு மாற்றினார். உயிர் எங்கே போகிறது என்று கேட்பதற்கு முன், உயிர் என்றால் என்ன என்று கேட்க வேண்டும் என்றார். மூன்று பகுதிகளாலான 'உயிரைப் பற்றி' என்னும் அவர் நூல், உயிரைத் தனியொரு பொருளாகக் கொள்ளாமல், உறுப்புகளுடைய இயற்கையுடலின் நிறைவாகக் கொள்கிறது. கண் ஒரு விலங்காய் இருந்தால் பார்வையே அதன் உயிர். மெழுகும் அதன்மேற் பதிந்த முத்திரையும் ஒன்றா, இரண்டா என்று கேட்பது வீண். உடலும் உயிரும் அவ்வாறே. உயிர் சினக்கிறது என்பது உயிர் துணி நெய்கிறது என்பதைப் போன்றது. சினப்பவன் மாந்தன், உயிரால் சினக்கிறான். செடிக்கு ஊட்டமும் வளர்ச்சியும், விலங்குக்கு அவற்றோடு புலனுணர்வும், மாந்தர்க்கு அவற்றோடு அறிவும் என்று ஆற்றல்களை அடுக்கிக் காட்டியதால், உயிராராய்ச்சி உயிரியலாயிற்று. கிழவன் ஒருவனுக்கு இளைஞனின் கண் கிடைத்தால் இளைஞனைப் போலவே பார்ப்பான், முதுமை கருவிக்கே வருகிறது என்றும் எழுதினார். கருவிழி மாற்று அறுவை முதன்முதல் வெற்றி பெற்றது 1905இல்.

இவ்வரையறைப்படி உடல் போனால் உயிரும் போகும். ஆனால் அவரே, மூன்றாம் பகுதியின் ஐந்தாம் இயலில், ஒரு பக்கமும் நிரம்பாத சில வரிகளில், செயலாற்றும் அறிவு ஒன்று உண்டு, அது மட்டும் சாவற்றது, என்றும் உள்ளது, ஆயினும் நாம் நினைவுகூர்வதில்லை என்கிறார். மெய்யியல் வரலாற்றில் இத்துணைச் சிறிய பகுதி இத்துணைப் பெரிய பூசலை விளைத்தது அரிது. அவ்வறிவு கடவுளே என்றார் அப்ரோடிசியாசு நகரத்து அலெக்சாண்டர். அவரவர் உயிரின் பகுதியே என்றார் தாமசு அக்குவினாசு. 1513இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இலாத்தரன் திருச்சங்கம் ஒவ்வொருவர் உயிரும் அழியாதது என்று ஆணையிட்டது. மூன்றே ஆண்டுகளில், 1516இல், பொம்பொனாட்சி என்னும் இத்தாலியப் பேராசிரியர், அரிசுடாட்டிலின் வழியிற் சென்றால் அழியாமையை மெய்ப்பிக்க இயலாது என்று நூல் எழுத, வெனிசு நகரில் அந்நூலைக் கொளுத்தினர்.

எபிக்கியூரசுக்கு இச்சிக்கல் எதுவும் இல்லை. டெமாக்கிரிட்டசின் அணுக்கொள்கையைத் தழுவிய அவர், உயிர் நுண்ணணுக்களாலான பொருள், உடல் சிதைந்தால் அவ்வணுக்கள் சிதறும், சிதறிய பின் உணர்வில்லை, உணர்வில்லாத இடத்தில் அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை என்றார். அவர் கொள்கையை இலத்தீனிற் பாடிய உலுக்கிரீசியசு அடுக்கும் சான்றுகள் மருத்துவமனையில் திரட்டியவை போன்றவை: கள் அறிவை மயக்குகிறது, வலிப்பு நினைவைப் பறிக்கிறது, குழந்தையின் அறிவு உடலோடு வளர்ந்து முதியோரின் அறிவு உடலோடு தளர்கிறது. தோயிக்கர் என்னும் மெய்யியற் பள்ளியாரின் நிலை இடைப்பட்டது. உலகம் தீயில் ஒடுங்கும் ஊழிவரை எல்லா உயிர்களும் இருக்கும் என்றார் கிளியாந்தசு. அறிவர் உயிர் மட்டுமே இருக்கும் என்றார் அவர் மாணவர் கிரிசிப்பசு. ஓர் ஆசிரியரும் மாணவரும் இத்துணை அமைதியாக இதில் வேறுபட்டதே கிரேக்கப் பண்பாட்டின் சிறப்பு.

இதற்குள் அலெக்சாந்திரியாவில் எரோபிலசு இறந்தோர் உடலை அறுத்து நரம்புகளைக் கண்டிருந்தார். அந்நெறியின் முடிமணி கேலன். கி.பி. 129இல் பெர்காமோனிற் பிறந்து உரோமில் புகழ்பெற்ற மருத்துவர். குரல் நெஞ்சிலிருந்து மூச்சுக்குழல் வழியே வருகிறது, பேச்சு அறிவின் வெளிப்பாடு, ஆகவே அறிவின் இருப்பிடம் நெஞ்சே என்பது தோயிக்கர் வாதம். கேலன் பன்றி ஒன்றைக் கட்டிக் கிடத்தி, கழுத்தில் மூச்சுக்குழலின் இருபுறமும் ஓடும் மயிரிழை போன்ற நரம்புகளை நூலால் இறுக்கினார். கத்திக்கொண்டிருந்த பன்றி மூச்சு விட்டது, திமிறியது. குரல் மட்டும் இல்லை. அந்நரம்பு மூளையிலிருந்து வருவது. உரோமில் இதைக் காட்டத் தொடங்கும் முன்பே, புலன்கள் காட்டுவதை நம்பலாமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டாவா என்று ஒரு மெய்யியலார் குறுக்கிட, கேலன் எழுந்து போய்விட்டாராம்.

அவர் பிளேட்டோவை உயிராய் மதித்தவர். உயிரை முக்கூறாய்ப் பகுத்த பிளேட்டோவின் பகுப்பை மூளை, நெஞ்சாங்குலை, ஈரல் என உடலிற் பொருத்திக் காட்டியவர். ஆனால் அழியாமையை மட்டும் அவர் ஒப்பவில்லை, மறுக்கவும் இல்லை. உயிரின் ஆற்றல்கள் உடலின் கலவையைப் பின்பற்றுவன என்பதைப் பேசும் நூலில் தம் நிலையை ஒளிவின்றி எழுதினார். அறிவுடைய உயிர் உடலைச் சாராதது என்றால், குருதி மிகுதியாய் வடிந்தபோதும், கடுங்காய்ச்சல் கண்டபோதும், எம்லாக் நஞ்சை உண்டபோதும் அது ஏன் உடலை விட்டுப் போகிறது? பிளேட்டோ இருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன் என்கிறார். சிம்மியசின் யாழுக்குப் பின் இவ்வழக்கில் எழுந்த தலைசிறந்த வினா இதுவே. இதற்கான விடையைப் பிளேட்டோவின் வழிவந்த ஆசிரியர் எவரும் தமக்குக் கற்பித்ததில்லை என்றும் அந்நூலிலேயே கேலன் எழுதிவைத்திருக்கிறார்.